தவளைக்கு எது நல்ல வீடு?

''என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். கும்பப்பூவுக்குத் தொழி அடித்தபோது வயலில் பெரிய தவளை ஒன்றைப் பிடித்து வந்தான். நான்கு நாளாக பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்திருக்கிறான். அது எதையும் தின்னவில்லை. 'கண்ணாடித் தொட்டி வாங்கித் தாங்க, நான் வளர்க்கிறேன்' என்று அடம் பிடிக்கிறான். அவன் தாத்தாவோ, 'அந்தக் காலத்துல சாக்குச் சாக்கா பிடிச்சு வித்தோம். இப்ப ஒண்ணைப் பாக்கதே அபூர்வமா இருக்கு. கொண்டு விட்டிரு மக்கா' என்கிறார். தவளை வளர்க்க எப்படிப்பட்ட தொட்டி வேண்டும்? வீட்டில் வளர்க்கலாமா?''

- பூதப்பாண்டி அருகிலிருந்து ஒரு வாசகி.

முதலில் வாளியில் இருக்கும் தவளையைக் கவனிக்க வேண்டும். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும், பிடித்த அதே வயலின் வரப்போரம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அதுவரை வாளியைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர், மறுபக்கம் ஈரமண், மேலே வாழை இலை என்று இருக்கட்டும். வாளி நிறையத் தண்ணீர் விட்டு, ஏறி உட்கார இடம் இல்லாமல் வைத்தால் தவளை நீந்தி நீந்தியே களைத்துப்போகும்.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவோ வாய்க்கால் தண்ணீராகவோ இருக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால், சோப்பு போகும்வரை அலசி, ஈரக் கையோடுதான் தூக்க வேண்டும். உரமோ மருந்தோ அள்ளிய கையால் தொடவே கூடாது. விட்டுவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது பையனின் நலனுக்காக. தவளையின் உடம்பில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்றால், தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால்தான் குடிக்கிறது. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்தால், தேவையான தண்ணீர் உள்ளே போய்விடும். நுரையீரல் இருந்தாலும் மூச்சின் ஒரு பகுதி தோல் வழியாகவே நடக்கிறது. தண்ணீரை உள்ளே விடும் அந்தத் தோல், தண்ணீரில் கலந்திருக்கும் நஞ்சையும் சேர்த்தே விடும். வாளித் தண்ணீருக்கு மட்டுமல்ல, வயல் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

அது ஏன் தின்னவில்லை?

தவளையின் கண்ணுக்கு அசைவதுதான் இரை. வாளியில் போட்ட சோறும் தோசைத் துண்டும் அதற்குக் கல்லும் மண்ணும் மாதிரி. பெரிய தவளை என்று நாம் சொல்கிற இந்த இனம் வெட்டுக்கிளி, வண்டு, புழு, வயல் நண்டு என்று கிடைத்ததையெல்லாம் பிடிக்கும். வாய்க்கு அடங்கினால் எலிக்குஞ்சையும், சின்னத் தவளையையும், சிறு பாம்பையும்கூட விழுங்கும். நன்கு வளர்ந்தது ஒரு சாண் நீளத்தை நெருங்கும். இரவில் வேட்டைக்குப் போய், பகலில் ஈர வளையில் பதுங்குவது அதன் வழக்கம். நாலு பக்கமும் வெளிச்சம் தெரியும் கண்ணாடித் தொட்டியில் ஓயாமல் முட்டி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய தொட்டி வாங்கினாலும், ஒரு சென்ட் வயலில் கிடைப்பதை அதில் தர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரிய தவளை, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் உயிர். அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பதோ, விற்பதோ, வீட்டில் அடைத்து வைப்பதோ குற்றம். ஆறாம் வகுப்புப் பையன் ஆசையாகப் பிடித்து வந்ததை யாரும் பெரிய குற்றமாகப் பேசப் போவதில்லை. ஆனால், தெரிந்த பிறகும் தொட்டி வாங்கி அடைத்து வைப்பது வேறு கதை. அடிபட்ட தவளையோ, மூட்டையாகப் பிடித்துப் போகிறவர்களோ கண்ணில் பட்டால் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லலாம்.

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சணம், உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட தவளை, தேரை வகை இனங்களைக் குறைத்துவிட்டதாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. மனிதர்கள் தவளைகளை ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கொண்டுபோனதும் அந்த நோய் பரவ ஒரு காரணம். நம் ஊர்ப் பெரிய தவளையே அந்தமான் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்க்கும் தொல்லையாகிவிட்டது. ஆகவே, தவளையை வேறு குளத்தில் விடுவது நன்மை அல்ல. கடையில் விற்கும் வெளிநாட்டுத் தவளையை வாங்கி, அலுத்துப்போனதும் ஊர்க்குளத்தில் விடுவது அதைவிடக் கெடுதல்.

தாத்தா சொல்வது உண்மைதான்

தவளைக்கால் ஏற்றுமதி என்று ஒரு தொழில் நடந்த காலம் உண்டு. மழைக்காலத்து இரவில் விளக்கோடு வயலில் இறங்கினால், வெளிச்சம் பட்ட தவளை அசையாமல் உட்காரும். எடுத்துச் சாக்கில் போட வேண்டியதுதான். பின்னங்காலை மட்டும் வெட்டி, உறையவைத்து, கொச்சி போன்ற துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரே ஆண்டில் 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால் இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. வெறும் கால் எடை மட்டும்தான் இது. எத்தனை கோடித் தவளைகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உயிரோடு கால் வெட்டும் கொடுமைக்கு எதிர்ப்புக் கிளம்பியது. வயலில் பூச்சி பெருகும் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. 1985-ல் பெரிய தவளை, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 1987-ல் இந்தியா ஏற்றுமதிக்கே தடை போட்டது.

தடை வந்து இத்தனை வருடமாகியும் தவளைச் சத்தம் பழையபடி கேட்கவில்லை என்றால், சாக்கு தூக்கியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாஞ்சில் நாட்டில் எத்தனையோ ஏலாக்கள் தென்னந்தோப்பாகவும், வாழைத் தோட்டமாகவும், வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. மண் வாய்க்கால்கள் சிமெண்ட் வாய்க்கால்களாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் வயலில் மருந்து விழுகிறது. தவளை முட்டையிட ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். முட்டை பொரிந்து, தலைப்பிரட்டை வளர்ந்து, கால் முளைத்து வெளியேறும்வரை அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் கெடாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒதுங்க ஈரமான வரப்பு வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் தவளை இல்லை.

தவளைக்கு உண்மையான வீடு

ஆகவே, உங்கள் மகனின் ஆசையை விட வேண்டியதில்லை. தொட்டிக்குப் பதிலாக வயலிலேயே தவளைக்கு வீடு அமைக்கலாம். தவளையைப் பிடித்து வந்து விட வேண்டாம். இடம் சரியாக இருந்தால் அதுவே வந்து சேரும்.

குழி: வயலின் தாழ்ந்த மூலையில், வடிகால் பக்கம், 10 அடி நீளம், 6 அடி அகலம் போதும். நடுவில் இரண்டு, இரண்டரை அடி ஆழம். ஒரு பக்கமாவது படிப்படியாகச் சரிந்து கரையோடு சேர வேண்டும். கால் முளைத்த குஞ்சுகள் ஏறி வருவதற்கு இந்தச் சரிவுதான் வாசல். செங்குத்தாக வெட்டினால் அது வீடாகாது, பொறியாகிவிடும். சிமெண்ட் பூச வேண்டாம். களிமண்ணை மிதித்து இறுக்கினாலே தண்ணீர் நிற்கும். மேல்வயலில் தெளித்த மருந்துத் தண்ணீர் நேராக வந்து விழாதபடி இடம் பார்க்க வேண்டும்.

மீன் வேண்டாம்: 'குழி சும்மாதானே கிடக்கிறது' என்று திலேப்பியாவையோ கெளுத்தியையோ விட்டால் முட்டையும் தலைப்பிரட்டையும் மிஞ்சாது. கொசுவுக்காக விடும் கம்பூசியா மீனும் இதில் சேர்த்தி. வாத்து மேய்ப்பவர்கள் அந்த மூலையை மட்டும் ஒதுக்கி ஓட்டலாம்.

கரை: ஒரு பக்கம் வல்லாரையும் கோரையும் தானாக முளைக்கும், விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் ஒன்றிரண்டு அல்லிக் கிழங்கு. பாதிக் குழிக்கு வெயில் வேண்டும். தலைப்பிரட்டை தின்னும் பாசி வெயிலில்தான் வளரும். மறு பாதிக்குச் சேம்போ வாழையோ நிழல் தரட்டும்.

ஒதுங்கும் இடம்: கரையிலிருந்து நாலு அடி தள்ளி, கல், மரத்துண்டு, தேங்காய்க் கதம்பை ஆகியவற்றைக் குவித்து மேலே மண் தூவி விடலாம். கும்பப்பூ அறுவடை முடிந்து, பிப்ரவரிக்குப் பிறகு அணைத் தண்ணீரும் நின்று வயல் காயும்போது, தவளைக்கு இந்த ஈரக் குவியல்தான் அடைக்கலம். ஜூனில் மீண்டும் தண்ணீர் வரும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். கோடையில் வாரம் ஒருமுறை அந்தக் குவியலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வரப்பு: எல்லா வரப்பையும் ஒரே நாளில் மழுங்கச் செதுக்க வேண்டாம். ஒரு வரப்பைச் செதுக்கினால், அடுத்ததை இரண்டு வாரம் கழித்துச் செதுக்கலாம். வரப்புப் புல்லுக்குத் தீ வைப்பதும் களைக்கொல்லி அடிப்பதும் கூடாது.

ஏணி: தரைமட்டக் கிணறு, பம்ப்செட் தொட்டி, சிமெண்ட் வாய்க்கால் ஆகியவற்றில் விழுந்த தவளை ஏற முடியாமல் சாகும். தொட்டியிலும் வாய்க்காலிலும் தென்னை மட்டை ஒன்றைச் சாய்வாகப் போட்டு வைக்கலாம். கிணற்றுக்குச் சின்னக் கண் வலை போட்டு மூடலாம். காசு செலவில்லாத வேலை, ஆனால் உயிர்கள் பல பிழைக்கும்.

மருந்து அடிக்கும்போது

குழி வெட்டிவிட்டு, பழையபடி மருந்தும் அடித்தால் தவளையை அழைத்துக் கொன்ற கதையாகும். தலைப்பிரட்டை மிக மெல்லிய உயிர். பூச்சிக்கொல்லி மட்டுமல்ல, சில களைக்கொல்லிகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருளே தலைப்பிரட்டையைக் கொல்லும். வேப்பெண்ணெய்க் கரைசலையும் குழித் தண்ணீரில் விழாமல்தான் அடிக்க வேண்டும்.

இலைச்சுருட்டுப்புழு நாலு இலையைச் சுருட்டியதும் தெளிப்பானைத் தூக்க வேண்டியதில்லை. பயிர் வளரும் பருவத்தில் பத்து சதவிகித இலைகளுக்கு மேல் சேதம் தெரிந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது வேளாண் துறையின் பரிந்துரை. அதற்கு முன்னால் விளக்குப் பொறியும், யூரியாவைக் குறைத்துப் பிரித்து இடுவதும் கைகொடுக்கும். அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், குழியைச் சுற்றிப் பத்து அடிக்கு அடிக்காமல் விட வேண்டும். அடித்த வயல் தண்ணீர் வடியாமல் மடையை அடைக்க வேண்டும். தெளிப்பானைக் குழியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. மழை வரும்போல் இருந்தால் அன்று அடிக்கவே கூடாது.

தவளை வந்துவிட்டால் பூச்சித் தொல்லையே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தவளைக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற கணக்கு இல்லை. கண்ணெதிரே அசைவதைத் தின்னும். சிலந்தியும் தட்டானும் அதில் சேரும். ஆனால் தவளை, சிலந்தி, தட்டான், பறவை எல்லாம் சேர்ந்து இருக்கிற வயலில் பூச்சி திடீரென்று எல்லை மீறுவது குறையும். கூலியோ சம்பளமோ கேட்காமல் இராக்காவல் பார்க்கும் ஆட்களில் தவளையும் ஒன்று.

பையனுக்கு என்ன வேலை?

வாளியைக் காலி செய்யச் சொன்னால் முகம் வாடும். அதற்கு ஈடாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். மழை பெய்த நாளில், இரவு எட்டு மணிக்கு, வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்கட்டும். எத்தனை விதமான சத்தம், எந்தத் திசையிலிருந்து என்று தேதி போட்டு எழுதட்டும். புதுமழைக்குப் பெரிய தவளையின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்பக் கத்தும். அந்த மஞ்சள் சில நாள்தான். பெரியவர் ஒருவர் டார்ச்சோடு கூடப்போய்க் காட்டினால், ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

குழியில் முட்டை விழுந்ததும், வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் குழித் தண்ணீரோடு இரண்டு தலைப்பிரட்டைகளை ஏந்திப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் அதே குழியில் விட்டுவிடலாம். முன்னங்கால் வந்ததா பின்னங்கால் வந்ததா, வால் எப்போது குறைந்தது என்று எழுதலாம். தேரையின் முட்டை நீண்ட சரமாக இருக்கும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். இரண்டும் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் எந்த ஏலாவில் எந்தச் சத்தம் கேட்டது என்று சொன்னால், அதையும் பையன் அதே நோட்டில் எழுதிவைக்கலாம். நாளைக்கு அந்த ஊரின் தவளைக் கணக்கு வேறு எங்கும் கிடைக்காது.

---

''தோட்டத்தில் இப்படிக் குழி வெட்டினால் கொசுவும் பாம்பும் வராதா?''

- குலசேகரம் பகுதி வாசகர் ஒருவர்.

கொசுவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். தட்டான் குஞ்சும் நீர்வண்டும் நீர்ப்பூச்சியும் குடியேறிய குழியில் கொசுப்புழு தப்பிப்பது கஷ்டம். எல்லாத் தலைப்பிரட்டையும் கொசுப்புழு தின்னும் என்பது சரியல்ல. பலவகைத் தலைப்பிரட்டைகள் பாசிதான் தின்னும். பெரிய தவளையின் தலைப்பிரட்டை மட்டும் புழு பூச்சிகளையும், சமயத்தில் சக தலைப்பிரட்டையையும் பிடித்துத் தின்னும் முரடு. உங்கள் பகுதியில் கொசு பெருகும் இடம் வேறு. பால் வெட்டாத நாட்களில் ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் தேங்கும் மழைத்தண்ணீர்தான் டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தொட்டில். அவற்றைக் கவிழ்த்து வையுங்கள். வீசியெறிந்த தேங்காய்ச் சிரட்டை, டயர், பிளாஸ்டிக் டப்பாவையும் பாருங்கள்.

பாம்பு விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வருவதில் பெரும்பாலும் நீர்க்கோலியாக இருக்கும், அதற்கு விஷமில்லை. ஆனால், நல்ல பாம்பும் தவளை தின்னும். ஆகவே வீட்டுச் சுவரோரம், மாட்டுத் தொழுவத்தின் அருகே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் குழி வேண்டாம். குறைந்தது ஐம்பது அடி தள்ளி இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் வேலி அவசியம். இரவில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. கல் குவியலுக்குள் கை விடக் கூடாது. பாம்பு கடித்தால் பச்சிலை, மந்திரம் என்று நேரம் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

''வீட்டுக்குள் சொறித்தவளை வந்துகொண்டே இருக்கிறது. தொட்டால் மரு வரும் என்கிறார்கள். உப்பைத் தூவினால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?''

- சுசீந்திரம் அருகிலிருந்து ஒரு வாசகி.

தவளையைத் தொட்டு யாருக்கும் மரு வருவதில்லை. மரு என்பது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமியால் வருவது. சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள தடித்த சுரப்பியில் ஒருவகை நஞ்சு உண்டு. கையில் பட்டால் கழுவினால் போதும். கழுவாமல் கண்ணைக் கசக்கினால் எரியும். நாய் கவ்வினால் நுரை தள்ளும். உடனே வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு, சோர்ந்து தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உப்பு வேண்டவே வேண்டாம். தோலால் தண்ணீர் குடிக்கும் உயிரின் மேல் உப்பைத் தூவுவது, அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சியெடுத்துச் சித்திரவதை செய்வதற்குச் சமம். சொறித்தவளை உங்கள் வீட்டைத் தேடி வருவது, வாசல் விளக்குக்கு வரும் ஈசலுக்காகவும் பூச்சிக்காகவும்தான். இரவில் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். கதவின் அடியில் உள்ள இடைவெளியைக் கோணிப்பையாலோ பலகையாலோ அடையுங்கள். உள்ளே வந்ததை முறத்தில் ஒதுக்கி, தோட்டத்தில் தண்ணீர்க் குழாயடியில் விட்டுவிடுங்கள். ஒரு பழைய மண்பானையை ஓரத்தில் உடைத்து, அங்கேயே கவிழ்த்து வைத்தால் அது அதற்குள் குடியிருக்கும். கத்தரிக்கும் வெண்டைக்கும் வரும் பூச்சியில் கொஞ்சத்தை ராத்திரியில் அது பார்த்துக்கொள்ளும்.